பட்டாளத்து வீடுகளில் மாற்றாள் இல்லாத பெண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரைகளில் மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் எல்லோரும் இடம்பெறுகிறார்கள். கணவர் எல்லையில் நிற்க, ஊரில் பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் தனியாளாகப் பார்த்துக்கொண்ட ராணுவ வீரர்களின் மனைவியர் அநேகமாக இடம்பெறுவதில்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கெல்லாம் அடுத்த பெருந்தொற்று வந்தாலும் நிலைமை இதுவே: வீட்டில் ஓடியாட ஒரே ஆள், அவரும் படுத்துவிட்டால் அடுப்பும் எரியாது, மருந்தும் வராது. அவருடைய உடம்பை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

ஊரடங்கு நாட்களில் இவர்கள் முதலில் கைவிடுவது தங்கள் சாப்பாட்டை. பிள்ளைகள் மிச்சம் வைத்ததே மதிய உணவு, இரவில் டீயும் பிஸ்கட்டும் என்று மாதக்கணக்கில் ஓடும். களைப்பை மனக்கவலை என்று எண்ணிக்கொள்வார்கள். பல நேரம் அது ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை தரப்பட்டால் டீ, காபி, பாலுடன் விழுங்கக் கூடாது. சத்து உடலில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறுடன் எடுக்கலாம். தினம் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை. இதைத் தன் தட்டில் முதலில் போட்டுக்கொண்டு பிறகு பரிமாற வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிட வேக நடை போதும். மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால் தினம் 30 நிமிடமாக ஐந்து நாள். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று சுற்று, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் தூக்கி இறக்குவது மூன்று சுற்று. முதல் நாளே உற்சாகத்தில் ஒரு மணி நேரம் குதித்துவிட்டு, மூன்றாம் நாள் முழங்கால் வலியோடு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதல் வாரம் பாதி அளவே போதும். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு தொடங்குமுன் நேரத்தை ஒதுக்காவிட்டால் அன்றைக்கு நேரமே கிடைக்காது.

மனத்தைக் கலைப்பது தொலைபேசி. ஃபீல்டில், அதாவது எல்லைப் பகுதிப் பணியில், இருப்பவர் இன்றிரவு பேசுவேன் என்று சொல்லாமல், முடிந்தால் வாரம் ஒரு முறை பேசுவேன் என்று சொல்வதே நல்லது. அழைப்பு வரவில்லை என்றால் பெரும்பாலும் சிக்னல் இல்லை, அல்லது இடம் மாறியிருக்கிறார், அல்லது பேச அனுமதி இல்லை. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பெயர்ப் பட்டியலை நம்பவும் கூடாது, பகிரவும் கூடாது. துக்கச் செய்தியைக் குடும்பத்துக்கு ராணுவமே நேரடியாகத் தெரிவிக்கும். கணவரின் படை எண், யூனிட் பெயர், ரெக்கார்ட் ஆபீஸ் (வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) தொலைபேசி எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்திருங்கள். அவர் இருக்கும் இடத்தை மட்டும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

காய்ச்சல் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது, மாமியாருக்கு யார் மாத்திரை கொடுப்பது என்று ஒருவரை இன்றே பேசி வைக்க வேண்டும். வீட்டில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., வெப்பமானி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரை ஒரு மாதத்துக்கு. ஆக்சிமீட்டரில் பலர் ஏமாறுவது மருதாணியாலும் நகப்பூச்சாலும் குளிர்ந்த விரலாலும்தான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, விரலைத் தேய்த்துச் சூடேற்றி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு அறைக்குள் ஆறு நிமிடம் நடந்து மீண்டும் பாருங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்களுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். 94-க்குக் கீழே போனாலோ, மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை யார் சொன்னாலும் மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள். 2021-இல் கரும்பூஞ்சை நோய் பரவியதற்கு அதன் முறையற்ற பயன்பாடும் ஒரு காரணம்.

எங்கே போவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பணியில் உள்ளவரின் மனைவி டிபெண்டன்ட் கார்டுடன் (வீரரைச் சார்ந்தவர் என்பதற்கான அட்டை) ராணுவ மருத்துவமனைக்குப் போகலாம். இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் ஓய்வூதியர்களின் குடும்பங்களுக்கானது. மாமனாரும் பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர் என்றால் அவருக்கும் மாமியாருக்கும் அந்த அட்டை தனியாக இருக்க வேண்டும். ராணுவ மருத்துவமனை உள்ள வெல்லிங்டனோ (நீலகிரி) சென்னையோ தூரம் என்பவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'சேஹத்' காணொலி மருத்துவ ஆலோசனை 2021 மே மாதம் முறையாகத் தொடங்கப்பட்டது. நோய் வந்த பிறகு பதிவு செய்யத் தடுமாறாமல் இப்போதே செய்துவையுங்கள்.

அவர் லீவில் வரும்போதும் கவனம் வேண்டும். 2020-இல் லீவு முடிந்து திரும்பியவர்களை 14 நாள் தனிமைப்படுத்திய பின்பே பணியில் சேர்த்தார்கள். தொற்று காலத்தில் வந்தவுடன் வீட்டின் ஒழுங்கை மாற்ற வேண்டாம். சாப்பாட்டு நேரம், பிள்ளைகளின் தூங்கும் நேரம், மனைவியின் நடை நேரம் மூன்றும் முதல் வாரம் இருந்தபடியே இருக்கட்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. முன்களப் பணியாளர் என்ற முறையில் வீரர்களுக்கு 2021 பிப்ரவரியிலேயே தடுப்பூசி கிடைத்தது. அவர்களின் 45 வயதுக்குட்பட்ட மனைவியர் பலர் 2021 மே வரை காத்திருந்தார்கள். அடுத்த முறை தனித்திருக்கும் குடும்பங்களையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். பணியில் உள்ள வீரர்களின் குடும்பப் பட்டியல் ஒவ்வொரு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஊர்வாரியாக இருந்தால் தடுப்பூசியும் மருந்தும் வீடு தேடிப் போகும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒன்று. எல்லையில் பதற்றமான நாட்களில் உறுதி செய்யப்படாத பெயர்களை அச்சிடாமல், 14416, 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 ஆகிய எண்களை முதல் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ராணுவக் குடும்பங்களின் நலப்பணியில் உள்ள செவிலியர்கள்,
வேலூர்.