பாரதியார் வாழ்ந்த வீட்டில் கோடைக்கால மாலைக் கச்சேரிகளுக்கு அனுமதி வேண்டி மனு

அனுப்புநர்:
வாய்ப்பாட்டு ஆசிரியை மற்றும் மாணவர்களின் பெற்றோர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலை, பண்பாட்டுத் துறை,
புதுச்சேரி அரசு.

பொருள்: ஈசுவரன் தருமராசா கோவில் தெருவிலுள்ள பாரதியார் நினைவு இல்லத்தில், மே மாதச் சனிக்கிழமை மாலைகளில் இசை நிகழ்ச்சி நடத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார் 1918 நவம்பர் வரை இந்த ஊரில்தான் இருந்தார். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு எல்லாம் இங்கே பிறந்தவை. அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவிடமாகக் காத்து வருவதற்கு முதலில் எங்கள் நன்றி.

அந்த வீட்டில் படங்களைப் பார்க்கிறோம், எழுத்துகளைப் படிக்கிறோம். பாட்டு மட்டும் கேட்பதில்லை. பாரதியாரோ மெட்டோடு யோசித்தவர். 'சின்னஞ் சிறு கிளியே' பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்ததோடு நிற்கவில்லை; 'ஸ ஸ ஸ – ஸா ஸா – பபப' என்று தொடங்கும் ஸ்வர வரிசைகளையும் கொடுத்து, அவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடச் சொல்கிறார். இன்று மேடைகளில் இந்தப் பாட்டைப் பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாகவே கேட்கிறோம். அதுவும் அழகுதான். ஆனால் கவிஞர் மனத்தில் ஓடிய பைரவியைப் பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

சென்ற ஆண்டு விடுமுறையில் மாணவிகளை அங்கே அழைத்துச் சென்றேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி கூடத்தில் நின்றவள், யாரும் சொல்லாமலே, வகுப்பில் கற்ற அந்த முதல் வரியை மெல்லப் பாடினாள். ஷட்ஜத்திலேயே ('ஸ') நின்று நின்று சட்டென்று பஞ்சமத்துக்கு ('ப') ஏறும் இடத்தில் அவள் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. பார்க்க வந்திருந்த முதியவர் ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுவை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

பார்வையாளர் நேரம் முடிந்தபின் ஒரு மணி நேரம் போதும். தம்புரா, வீணை, மிருதங்கம், குரல். ஒலிபெருக்கி வேண்டாம், பழைய வீட்டுக்கு அதிர்வு ஆகாது, பாட்டுக்கும் அது தேவையில்லை. மேடை, பந்தல், அலங்கார விளக்கு எதுவும் கேட்கவில்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம். ஜமுக்காளம் விரித்துத் தரையில் உட்காருவோம். எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதைத் துறையே முடிவு செய்யட்டும். முன்பதிவு செய்தவர்களை மட்டும் அனுமதிக்கிறோம். கட்டணம் கிடையாது. நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டிச் சுத்தம் செய்து ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு.

மே மாதத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பள்ளி விடுமுறை, வெளியூர்ப் பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்கு வந்திருப்பார்கள். பகல் வெயில் வாட்டினாலும், பொழுது சாய்ந்தால் இந்த ஊருக்குக் கடற்காற்று வந்துவிடும்.

முதல் மாலை கண்ணன் பாட்டுக்கென்று வைத்திருக்கிறோம். 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த அந்த நூலின் பாட்டுகளை, பாரதியார் ராகம் குறித்த இடங்களில் அதே ராகத்தில் பாடிக் காட்ட விரும்புகிறோம். எல்லா மாலைகளுக்கும் அனுமதி தர இயலாவிட்டால், இந்த ஒரு மாலைக்காவது அன்புகூர்ந்து இசைவளிக்க வேண்டுகிறோம்.

ஏப்ரல் 15க்குள் தங்கள் பதில் கிடைத்தால், பிள்ளைகளுக்கு ஒத்திகை தொடங்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியை மற்றும் பெற்றோர்

இணைப்பு: பாடவுள்ள பாட்டுகளின் பட்டியல், பெற்றோர் கையொப்பங்கள்.