முசம்பானி ஏன் திணறினார்?

ஆசிரியருக்கு,

எரிக் முசம்பானியை ‘நீந்தத் தெரியாத ஒலிம்பிக் வீரர்’ என்று எழுதுவது சரியல்ல.

2000 சிட்னி ஒலிம்பிக், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், முதல் ஹீட் (தகுதிச் சுற்றின் முதல் பிரிவு). மூவரில் இருவர் முந்திக் குதித்துத் தகுதியிழக்க, ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினியைச் சேர்ந்த முசம்பானி தனியாகவே நீந்தினார். முதல் 50 மீட்டர் ஏறக்குறைய 41 விநாடி. திரும்பி வர 72 விநாடி. மொத்தம் 1 நிமிடம் 52.72 விநாடி. (200 மீட்டரில் தங்கம் வென்றவரின் நேரமே 1:45.35தான்!)

தொடக்கத்திலேயே முழு வேகம் போனதுதான் கோளாறு. களைத்ததும் மூச்சுக்காகத் தலை தூக்குவோம். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். அப்புறம் ஒவ்வொரு கைவீச்சிலும் தண்ணீரை நெஞ்சால் தள்ள வேண்டும், இன்னும் மூச்சு வாங்கும். ஊரில் சில மாதம் ஓட்டல் குளத்தில் பழகியவர், 50 மீட்டர் குளத்தைப் பார்த்ததே சிட்னியில்தான். சின்னக் குளத்தில் சுவர் சீக்கிரம் வந்துவிடும், இங்கே வராது. கடைசி மீட்டர்களில் அவரைக் கரைசேர்த்ததில் அரங்கத்தின் கூச்சலுக்கும் பங்குண்டு.

பின்னாளில் அவர் இதே தூரத்தை 57 விநாடிக்குள் நீந்தினார். விசா சிக்கலால் 2004 ஏதென்ஸுக்குப் போக முடியவில்லை. 2012இல் தன் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

– நீச்சல் பயிற்சியாளர், சேலம்