ஆறாவது பாட்டு

அன்புள்ள கண்ணம்மா,

'கேட்டுட்டு சொல்லும்மா' என்று ஒரே வரி எழுதி நீ அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டுவிட்டேன். நாலு முறை கேட்டாயிற்று. முதல் முறை பாதியிலேயே நிறுத்தினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 16 பாட்டு, 79 நிமிடம். இரண்டாவது பாட்டிலேயே ட்ரம்ஸும் பியானோவும் தலைதெறிக்க ஓடுகின்றன, அந்தப் பையன் மூச்சு வாங்காமல் பொரிந்து தள்ளுகிறான். பாடுகிறானா, யாரோடாவது மல்லுக்கு நிற்கிறானா என்று புரியவில்லை. அப்புறம் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரைப் 'பையன்' என்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' வெளிவந்த 2015 மார்ச்சில் அவருக்கு வயது 27. இப்போது உன் வயது.

இந்த ஆல்பத்தை வைத்து உனக்கும் உன் சிநேகிதர்களுக்கும் மூன்று நாள் சண்டை என்று எழுதியிருந்தாய். நானும் மற்றவர்கள் சொன்னதைத் தேடித் தேடிப் படித்தேன். ஆளுக்கொரு தீர்ப்பு. காலத்துக்கும் நிற்கும் என்கிறார் ஒருவர், வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டது போல் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். 2012-இல் வந்த அவருடைய முந்தைய ஆல்பம் 'குட் கிட், மேட் சிட்டி'யில் ஒரு கதை இருந்தது, இதில் அது இல்லையே என்று ஏங்குகிறவர்கள் நிறைய. 'மதிக்கிறேன், ஆனால் திரும்பப் போட மனம் வருவதில்லை' என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் உள்ளதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. 2016 கிராமியில் சிறந்த ராப் ஆல்பம் விருது கிடைத்தது, ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது ஏன் கிடைக்கவில்லை என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அது எனக்கு வேண்டாத வழக்கு.

ஒரு புகாரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 'ஜாஸும் ஃபங்க்கும் மாதிரி பழைய கறுப்பர் இசைதான் இருக்கிறது, ராப்பின் சொந்த வீடான ஹிப்-ஹாப் எங்கே?' என்கிறார்கள். கமாசி வாஷிங்டனின் சாக்ஸஃபோனும் தண்டர்கேட்டின் பேஸும் ராபர்ட் கிளாஸ்பரின் பியானோவும் அவர்களுக்கு இடைஞ்சலாம்! ஹிப்-ஹாப் பிறந்ததே பழைய ஃபங்க் தட்டுகளில் ட்ரம்ஸ் மட்டும் தனியாக வரும் அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தானே? 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் செய்தது அதுதான். கென்ட்ரிக் முதல் பாட்டிலேயே ஃபங்க்கின் பெரியவர் ஜார்ஜ் கிளின்டனைக் கூட்டிவந்து உட்கார வைக்கிறார். தாத்தா வீட்டுக்குப் போன பிள்ளையைப் பார்த்து ஏன் சொந்த வீட்டில் இல்லை என்று கேட்பது போல் இருக்கிறது இவர்கள் கேள்வி.

இன்னொரு புகாரை அப்படித் தள்ளிவிட முடியாது. பதின்மூன்றாவது பாட்டில் கறுப்பர்கள் மேல் உள்ள வெறுப்பை எதிர்த்துக் கொதித்துவிட்டு, கடைசி வரிகளில் தன்னையே கூண்டில் ஏற்றுகிறார். 2012-இல் சுட்டுக்கொல்லப்பட்ட 17 வயது கறுப்பினப் பையன் டிரேவான் மார்ட்டினுக்காக அழுதேனே, கும்பல் சண்டையில் என்னைவிடக் கறுப்பான ஒருவனை நானே கொன்ற பிறகு அந்த அழுகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, தன்னை வேடதாரி என்கிறார். அடிபட்டவன் மீதே பழியைத் திருப்புகிறாரே என்று பலருக்கு ஆத்திரம். அதற்குச் சற்று முன்பு ஒரு பேட்டியில், நம்மை நாமே மதிக்காதபோது அடுத்தவர் மதிப்பார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது என்கிற மாதிரி அவர் பேசியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. பேட்டியில் சொன்னது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். மரியாதையாக நடந்துகொண்டிருந்தால் தோட்டா திரும்பிப் போயிருக்குமா என்ன? ஆனால் பாட்டு வேறு. அதில் அவர் 'நான்' என்கிறார். 'நீங்கள்' என்று ஆரம்பித்திருந்தால் உன் சிநேகிதி சொன்ன 'பிரசங்கம்' என்ற பெயர் பொருந்தியிருக்கும்.

எனக்கென்று ஒரு மனத்தாங்கலும் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசக் காணோம். இந்த ஆல்பத்தில் பெண்கள் எங்கே? மயக்க வருகிறவள், பணம் கேட்டுக் கத்துகிறவள், புத்தி சொல்லும் அம்மா. சாத்தானுக்குக்கூட 'லூசி' என்று ஒரு பெண் பெயர். பன்னிரண்டாவது பாட்டில் ராப்சடி வந்து நிறத்தைப் பற்றிப் பாடும்போதுதான் அப்பாடா என்றிருந்தது. ராப் பாடும் ஒரே பெண் குரல் அது. சமூக அக்கறையுள்ள ஆல்பம் என்று எல்லோரும் கொண்டாடும்போது, அந்தச் சமூகத்தில் பாதிப் பேர் வாசலில் நிற்பதை நீயாவது உன் சண்டையில் சொல்லியிருக்கலாம்.

சரி, ஏழாவது பாட்டுக்கு வருகிறேன். 'ஆல்ரைட்'டை மட்டும் போட்டு ஆடுகிறார்கள், ஒருவருக்கும் அர்த்தம் தெரியவில்லை என்று பொருமியிருந்தாய். 2015 ஜூலையில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் போலீஸை எதிர்த்து நின்ற கூட்டம் 'நமக்கு ஒன்றும் ஆகாது' என்கிற அந்தப் பல்லவியைத்தான் பாடியது. அவர்கள் யாரும் மற்ற 15 பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டுத் தெருவுக்கு வரவில்லை. ஆடுகிறவர்கள் ஆடட்டும் விடு.

ஆனால் உனக்கும் எனக்கும் அது போதாது. ஏழுக்கு முன்னால் ஆறு இருக்கிறது. அந்த ஆறாவது பாட்டைப் பற்றி நீ எனக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது பாட்டைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆல்பத்தில் இடையிடையே ஒரு கவிதை வருகிறதே, ஒவ்வொரு முறையும் சில வரிகள் கூடிக்கொண்டே போகுமே, அதில் சொல்லும் ஹோட்டல் அறை இதுதான். தனியாகக் குடித்துவிட்டு, குரல் உடைந்து, தன்னையே 'நீ, நீ' என்று திட்டுகிறான். கதவைத் தட்டும் பணிப்பெண் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊரில் நண்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்க்காமல் ஃபோனில் முகம் பார்த்துப் பேசினாய், தேறிவிடுவான் என்று நினைத்தாய், அவன் போய்விட்டான், நீயெல்லாம் ஒரு நண்பனா என்கிறான். அந்த இடத்தில் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ எதற்கு இந்த ஆல்பத்தை அனுப்பினாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டியைப் பற்றி நாம் இரண்டு வருடமாகப் பேசவில்லை. உனக்கு வலிக்கும் என்று நான் எடுக்கவில்லை. நான் வருத்தமாக இருக்கிறேன் என்று நீயும் எடுக்கவில்லை போலிருக்கிறது.

கடைசிப் பாட்டில், இறந்துபோன ராப் பாடகர் டூபாக்கின் 1994 பேட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, எதிரில் உட்கார்ந்து பேசுவது போல் செய்திருக்கிறார் இல்லையா? புழுவையும் பட்டாம்பூச்சியையும் பற்றிய கதையைப் படித்துக் காட்டிவிட்டு, 'இதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கிறார். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. கூப்பிட்டுப் பார்க்கிறார், பதில் வரவில்லை, ஆல்பம் அங்கேயே முடிகிறது. பாட்டியிடம் நீ கேட்க முடியாமல் போன கேள்விக்கும் அப்படித்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அன்று நீ பாட்டியோடு வீடியோவில் பேசியபோது ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அதனால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நீ கூப்பிடுவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே பாட்டி தலை வாரிவிடச் சொன்னாள். நீ பேசிக்கொண்டிருக்கும்போது அழுதுவிட்டாய். அவள் அழவில்லை, கவனித்தாயா? இணைப்பு துண்டித்த பிறகு ஃபோனை என்னிடம் தரவே மாட்டேன் என்றாள். ஊசி போட வந்த நர்ஸிடம் இருண்டு கிடந்த அந்தத் திரையைக் காட்டி, 'என் பேத்தி இப்பத்தான் வந்துட்டுப் போனா' என்றாள்.

'பேசினா' என்று சொல்லவில்லை, கண்ணம்மா. 'வந்துட்டுப் போனா' என்றுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீடியோவிலேயே கூப்பிடு. லூசி விஷயத்தில் உன்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அம்மா