கணையப் புற்றுநோயாளிகளுக்கு என்சைம் காப்ஸ்யூலும் விரைவான ஸ்கேனும் கோரி மனு

பெறுநர்: உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

அனுப்புநர்: கணையப் புற்றுநோயாளிகளுக்கு உதவும் தன்னார்வலர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கணையப் புற்றுநோய் வந்தவர்களுக்காக நன்கொடை திரட்டி, ஸ்கேன் செலவு, போய்வரும் செலவு, மருந்து என்று முடிந்ததைச் செய்துவருகிறோம். நன்கொடைக்கு எட்டாத இரண்டு காரியங்களுக்காக உங்களிடம் வந்திருக்கிறோம்.

முதலாவது, என்சைம் காப்ஸ்யூல், அதாவது உணவைச் செரிக்கவைக்கும் நொதி அடங்கிய மருந்து. கட்டியால் கணையம் பழுதானாலும், அறுவை சிகிச்சையில் ஒரு பகுதியை எடுத்தாலும், கொழுப்பைச் செரிக்கவைக்கும் நொதி குடலுக்குப் போதிய அளவு வராமல் போகலாம். அப்புறம் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், எடை மளமளவென்று இறங்கும். 'புற்றுநோய் என்றால் இளைக்கத்தான் செய்யும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். உடம்பு தாங்காமல் கீமோவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவருகிறது. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதலில் 2018-லேயே இந்தக் காப்ஸ்யூல் இடம்பெற்றுவிட்டது. நன்கொடை ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. நோயாளிக்கோ இது வேளாவேளைக்கு வேண்டும். கீமோவுக்குச் செலவழித்துவிட்டு இதற்குக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாக வழங்க வேண்டுகிறோம்.

மருந்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், சாப்பாடு நீண்டால் நடுவிலும் போட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் உணவோடு சரியாகக் கலக்காது. பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்பதால் தயங்குபவர்களிடம் அதையும் மறைக்காமல் பேச வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தர எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். புறநோயாளிப் பிரிவில் ஒரு மேசை போட அனுமதி கொடுங்கள்.

இரண்டாவது, ஸ்கேன். நோய் தெரியவரும்போது 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் அறுவை சிகிச்சை செய்யும் நிலை இருக்கிறது. முதுகுவலிக்குத் தைலம், வயிற்றுவலிக்கு அல்சர் மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. 60 வயதைத் தாண்டியவருக்கு எடை குறைந்து, கூடவே வயிற்றுவலியோ முதுகுவலியோ புதிதாகச் சர்க்கரை நோயோ இருந்தால், 2 வாரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுக்க ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே நேரடியாக எழுதித்தர வழிசெய்யுங்கள். கண் மஞ்சளானவர்களை ஒரு நாள்கூடக் காக்கவைக்கக் கூடாது.

இவற்றை நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள்