இது அணை இல்லை அண்ணாச்சி, குளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பால்காரன். தூத்துக்குடி மாவட்டம் செய்துங்கநல்லூர் பக்கத்துச் சிற்றூர். எங்கள் ஊர் மானாவாரிக் குளத்தின் கரைதான் எனக்குப் பாதை. விடியற்காலை நாலரைக்கு இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் சொசைட்டிக்குப் போவேன், ஏழு மணிக்கு வெறுங்கேனோடு திரும்புவேன். இருபத்தாறு வருடமாக இதுதான். கரை எங்கே இறங்கியிருக்கிறது என்பது வண்டி குலுங்குவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

போன மழைக்குக் குளம் முக்கால்வாசி பெருகியிருந்தது. நடுமடைக்குத் தெற்கே பத்துத் தப்படி தள்ளி, கரையின் வெளியடியில் தண்ணீர் கசிந்தது. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவில் முளைக்கிற புல்லைத்தான் என் எருமைகள் மாசி, பங்குனி வரை மேய்கின்றன. ஆனால் இந்த முறை தண்ணீர் கலங்கலாக வந்தது. கரையோரத்து டீக்கடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் வாங்கி, பிடித்து வைத்துவிட்டுப் போனேன். பால் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் கிளாஸின் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண் படிந்திருக்கிறது.

என் அப்பா அந்தக் குளத்துக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். "கரைக்கு வேர்க்கலாம்ல, வயித்தால போகக் கூடாது" என்பார். தெளிந்த நீர் வந்தால் வேர்வை. மண்ணோடு வந்தால் உள்ளே ஒரு பொந்து உண்டாகிவிட்டது, அது நாளுக்கு நாள் குளத்துப் பக்கமாக நீண்டுகொண்டே போகிறது என்று அர்த்தம்.

கிளாஸையும் எடுத்துக்கொண்டு மனு கொடுக்கப் போனேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஒரு இளம் பொறியாளர், மரியாதையான பையன், நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்: "அணைப் பாதுகாப்புச் சட்டம்னு 2021ல ஒண்ணு வந்திருக்கு. ஆனா அது 15 மீட்டருக்கு மேல உயரம் உள்ளதுக்குத்தான். 10 மீட்டருக்கு மேலன்னா நீளம், கொள்ளளவுன்னு வேற சில கணக்கு இருக்கு. உங்களது அணை இல்ல அண்ணாச்சி, குளம்."

அவர் சொன்னது சரிதான். எங்கள் கரை நாலு மீட்டர்கூட இராது. நூறு ஏக்கருக்குள் பாசனம் என்பதால் நீர்வளத்துறைக் (முன்பு பொதுப்பணித்துறை) கணக்கிலும் அது வராது, ஊராட்சி ஒன்றியத்தோடு சரி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ நாற்பதாயிரம் ஏரி, குளம், கண்மாய் இருப்பதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலானவற்றின் கரைகள் எங்களுடையதைப் போல ஒன்றிரண்டு ஆள் உயர மண் மேடுகள்தான். மேட்டூருக்கும் பாபநாசத்துக்கும் இருக்கிற ஆய்வு இவற்றுக்கு இல்லை. ஆனால் கரைக்குக் கீழே குடியிருப்பவன் பதினைந்து மீட்டர் தண்ணீருக்குக் கீழ் இருந்தால் என்ன, நாலு மீட்டருக்குக் கீழ் இருந்தால் என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு உடைந்தால் இரண்டும் ஒன்றுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்களுக்கு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது எல்லாப் பேப்பரிலும் வந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி ஊருக்குள் தண்ணீர் புகுந்ததும் வந்தது. எங்கள் குளம் உடைந்தது எதிலும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு எத்தனை குளம் உடைந்ததோ! ஏழு எருமைகளில் மூன்று எனக்கு மிச்சம்.

அந்த மழைக்கு எந்தக் கரையும் தாங்காது என்று அதிகாரிகள் சொன்னால் தலையாட்டுகிறேன். தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிந்துவிட்டால் வெளிச்சரிவு அரித்து அரைமணி நேரத்தில் போய்விடும். என் கேள்வி அந்த மழையைப் பற்றியதல்ல. உடைப்பை அடைத்த விதத்தைப் பற்றியது.

ஜேசிபி வந்தது. பக்கத்து மேட்டில் இருந்த சரளை கலந்த மண்ணை அள்ளிப் போட்டார்கள். பழைய கரையை இரண்டு பக்கமும் படிப்படியாக வெட்டிவிட்டு, புது மண்ணை முக்கால் அடி, ஒரு அடியாகப் பரப்பித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால்தான் இரண்டும் ஒட்டும். இங்கே மொத்தமாகக் கொட்டி, அந்த ஜேசிபியின் சக்கரத்தையே நாலு தடவை மேலே ஏற்றி இறக்கினார்கள். களிமண் ஒரு கூடை விழவில்லை. குளத்துக்குள்ளேயே நல்ல கரம்பை கிடக்கிறது, எடுப்பதற்கு அனுமதி வேறு கையில் என்றார்கள். இப்போது கசிவது அந்தப் பழசும் புதுசும் சேர்கிற இடத்தில்தான்.

இன்னொன்று. கரையில் காடாக நின்ற சீமைக்கருவையை ஏலம் விட்டு வெட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் தூரைத் தோண்டவில்லை. வெட்டிய மரத்தின் வேர் நாலைந்து வருஷத்தில் மக்கிப்போகும். மக்கின வேர் இருந்த இடம் அப்படியே குழாய். அதில் எலியும் நண்டும் குடியேறும். மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்து திவரே மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து பலர் அடித்துச் செல்லப்பட்டபோது, நண்டு துளைத்ததுதான் காரணம் என்று ஒரு அமைச்சரே சொன்னார். ஊர்க்காரர்கள் கசிவு இருக்கிறதென்று முன்னாலேயே சொல்லியிருந்தார்களாம். நண்டு ஒரே ராத்திரியில் துளைப்பதில்லை, அதற்கும் நாள் பிடிக்கும்.

எங்கள் மேல் தப்பில்லையா என்றால், இருக்கிறது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகாலில் மீன் குத்தகைக்காரர் வலை கட்டுகிறார். ஆகாயத்தாமரையும் செத்தையும் வந்து அடைத்தால் அந்த வலை சுவராகிவிடுகிறது. அவரைத் திட்டுகிற நாங்கள், ஐப்பசிக் கடைசியில் மழை நின்றுவிட்டால், இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும் என்று மறுகால் மேல் மணல் மூட்டை அடுக்குவோம். 2023ல் அடுக்கியவர்களில் நானும் ஒருவன். அன்று மாலை மழை வலுக்கிறதென்று நாலு பேர் போய் எடுக்கப் பார்த்தோம், எல்லா மூட்டையையும் எடுக்க முடியவில்லை. இதை மனுவில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குளம் தனியாகவும் இல்லை. இதன் மறுகால் கீழ்க்குளத்துக்குப் போகிறது, அதன் மறுகால் அடுத்த ஊர்க் குளத்துக்கு. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளது ஒரே மூச்சில் வருகிற தண்ணீரைத் தாங்காது. கீழ்க்குளத்தின் அடியில் இப்போது நாற்பது வீடு கொண்ட புதுக் காலனி வந்திருக்கிறது.

புதுச் சட்டம் வேண்டும் என்று கேட்க எனக்குத் தெரியாது. மண் வேலை தெரிந்த ஒரு ஆள், ஒரு அரை நாள், கரையை உள்ளும் புறமும் நடந்து பார்க்க வேண்டும். நடுமடைக்குத் தெற்கே புது மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கரம்பை போட்டு இடிக்க வேண்டும். தூர்களைப் பறித்துக் குழியை நிரப்ப வேண்டும். அதற்குள் மழை வந்து கசிவு கண்டால், தயவுசெய்து வெளிப்பக்கம் மண்ணைக் கொட்டி அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். வெளியே முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் கல் என்று வைத்தால் தண்ணீர் வடியும், மண் நின்றுகொள்ளும். அடைப்பதென்றால் உள்ளே, குளத்துப் பக்கம். அப்பா ஒரு கைப்பிடி தவிட்டைத் தண்ணீரில் தூவிவிட்டுக் கரையில் குந்தியிருப்பார். தவிடு எங்கே சுழித்துப் போகிறதோ அங்கேதான் பொந்தின் வாய்.

புரட்டாசி பிறந்துவிட்டால் மண் வேலை நடக்காது. இப்போது குளம் வறண்டு கிடக்கிறது, உள்சரிவில் இறங்கி நின்றே பார்க்கலாம். யாராவது வருவதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு நான் கரையில்தான் இருப்பேன். அந்த கிளாஸையும் கழுவாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால்காரர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்.