கிராப் கேமராவுக்கு முதல் ப்ரைம் லென்ஸ் 50 மி.மீ.தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் முதல் ப்ரைம் லென்ஸாக (ஜூம் செய்ய முடியாத லென்ஸ்) 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸ் அகலமாகத் திறக்கும். விலை குறைவு, வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கலாம், பின்னணி மங்கி முகம் எடுப்பாகத் தெரியும் என்று மூன்று காரணங்கள். மூன்றும் சரிதான். எந்த அளவு சென்சார் உள்ள கேமராவுக்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600, சோனி ஏ6400 எல்லாமே கிராப் சென்சார் கேமராக்கள், அதாவது பழைய ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறிய சென்சார் கொண்டவை. முதல் கேமரா வாங்குபவர் கையில் பெரும்பாலும் இந்த ரகம்தான் இருக்கும். இவற்றில் 50 மி.மீ.யை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் படம் எடுக்க முயன்றால் முதுகு சுவரில் முட்டும்.

50 என்ற கணக்கு ஃபிலிம் காலத்தது. 1925-இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா கேமரா 50 மி.மீ. லென்ஸோடுதான் வந்தது. அதன் ஃபிலிம் கட்டம் 36-க்கு 24 மி.மீ., மூலைவிட்டம் 43 மி.மீ. லென்ஸின் குவியத்தூரம் (50, 35 என்று அதில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) இந்த மூலைவிட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால், காட்சி விரிந்தும் தெரியாது, கிட்டே இழுத்த மாதிரியும் தெரியாது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரும் அதே அளவு என்பதால் அந்தக் கேமராக்களில் பழைய கணக்கு இன்றும் செல்லும். கிராப் சென்சாரின் மூலைவிட்டமோ 28 மி.மீ.தான். அதில் 50-ஐ மாட்டினால் ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. காட்டுகிற பரப்புதான் கிடைக்கும். கேனானின் சென்சார் இன்னும் கொஞ்சம் சிறியது, அதில் 80. முகப்படம் எடுக்கிறவர்கள் தேடி வாங்குகிற பார்வை அது.

ஒன்றரையால் பெருக்கு, 1.6-ஆல் பெருக்கு என்று சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் அடிக்கணக்கு எளிது. கிராப் கேமராவில் 24 மி.மீ. போட்டு 10 அடி தள்ளி நின்றால், ஏறத்தாழ 10 அடி அகலம் படத்துக்குள் வரும். 35 என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஆறே முக்கால் அடி. 50 என்றால் பாதிக்கும் சற்றுக் குறைவு, நாலே முக்கால் அடி. தள்ளி நிற்கும் தூரம் கூடினால் அகலமும் அதே விகிதத்தில் கூடும். ஃபுல் ஃப்ரேமில் இந்த வரிசை 35, 50, 85 என்று தள்ளிப்போகும்: 10 அடிக்கு முறையே பத்தேகால், ஏழேகால், நாலேகால் அடி. கடைக்குப் போகும் முன் வீட்டுக் கூடத்தை டேப் வைத்து அளந்து, இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

வீட்டில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஒன்றரை அடி, ஆக ஒன்பது. இரண்டு ஓரத்திலும் ஓர் அடி வெற்றிடம் விட்டால் பதினொன்று. 24-க்கு 11 அடி தூரம் போதும். 35-க்கு பதினாறரை அடி வேண்டும். 50-க்கு இருபத்து மூன்றரை அடி! பன்னிரண்டுக்குப் பதினைந்து கூடத்தில் நீளவாக்கில் நின்றால்கூட, எதிர்ச்சுவரை விட்டு ஆட்கள் ஓர் அடி முன்னால் நிற்பார்கள், கேமராவுக்குப் பின்னால் நம் உடம்புக்கு ஓர் அடி போகும். மிஞ்சுவது 13 அடி. 50 போட்டவர் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றுதான் அந்தப் படத்தை எடுக்க வேண்டும். ஓரத்தில் விடச்சொன்ன அந்த ஓர் அடி அழகுக்காக அல்ல. விரிந்த லென்ஸ்களில் படத்தின் விளிம்புக்கு அருகே வரும் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டு, ஒல்லியானவரும் பருமனாகத் தெரிவார். குழந்தைகளையும் ஒடிசலானவர்களையும் ஓரத்தில் நிறுத்துவது பழைய ஸ்டுடியோக்காரர்களின் வழக்கம், இன்றைக்கும் உதவும்.

சாப்பாட்டுப் படத்துக்கும் இதே கணக்கு. தலைவாழை இலை முழுவதும் வர இரண்டரை அடி அகலம் வேண்டும். 24 மி.மீ.யில் இலைக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில் கேமராவைப் பிடித்தால் போதும், மேசைக்கு முன்னால் நின்றபடியே எடுக்கலாம். 35-இல் மூன்றே முக்கால் அடி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். 50-இல் ஐந்தே கால் அடி. மேசையின் உயரம் இரண்டரை அடி என்றால் தரையிலிருந்து ஏழே முக்கால். ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதுதான். 50-ஐ விடாமல் பயன்படுத்துகிறவர்களின் உணவுப் படங்களில் எப்போதும் ஒரு வடை, ஒரு கிண்ணம் பாயசம் என்றே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ரசனை அல்ல.

அப்படியானால் 24-ஐயே வாங்கிவிடலாமா? குழந்தை, தாத்தா பாட்டி, பண்டிகை, சமையலறை, தெரு என்று எடுக்கிறவர்களுக்கு ஆம் என்பேன். ஆனால் முகப்படத்தில் அது காலை வாரும். தலையும் தோளும் மட்டும் வர வேண்டும் என்றால் 24-ஐக் கொண்டு இரண்டு அடி நெருக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஒதுங்கும், நெற்றி உருண்டு நிற்கும். லென்ஸின் மேல் பழி போடுவார்கள். உண்மையில் அது தூரத்தின் வேலை. எந்த லென்ஸானாலும் இரண்டு அடியில் முகம் அப்படித்தான் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்றால் முகம் இயல்பாக இருக்கும். ஆகவே 24 வைத்திருப்பவர் ஐந்து அடியிலேயே நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தை 35 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் 11 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 அளவில் தெளிவாக அச்சிட 9 போதும். 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் ஐந்தரைதான் மிஞ்சும், செல்பேசியில் பார்க்கச் சரி, ஆல்பத்தில் பெரிதாகப் போட ஆகாது. விரிந்ததை வெட்டிச் சுருக்க முடிகிறது. 50-இல் விடுபட்டுப்போன சித்தப்பாவைப் பிறகு கொண்டுவர வழியில்லை.

வெளிச்சக் கணக்கில் 24-க்கு இன்னொரு குறையும் உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஆனால் அதே கிட் லென்ஸ் 24-இல் எஃப் 4 வரை திறக்கும். கேனானின் மெலிந்த 24 மி.மீ. லென்ஸோ எஃப் 2.8. ஆக லாபம் இரண்டு மடங்குதான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 3200 வைத்த இடத்தில் 1600 வைக்கலாம், அவ்வளவே. 125 கிராம் எடையும், 16 செ.மீ. வரை கிட்டே போய்க் குவிக்க முடிவதும்தான் அதன் உண்மையான பலம். நிக்கான் இசட்50, இசட்30 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 2023-இல் வந்த 24 மி.மீ. எஃப் 1.7 இருக்கிறது. டி3500, டி5600 போன்ற நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களுக்கு 24-இல் சிறியதாக, மலிவாக எதுவும் கிடையாது. அவர்கள் 2009-இல் அறிமுகமான 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் லென்ஸைப் பார்ப்பதே நல்லது. கேனான் ஆர்50 வைத்திருப்பவர்கள் 28 மி.மீ. எஃப் 2.8-ஐ மாட்டினால் 45 மி.மீ.க்கு நிகரான பார்வை கிடைக்கும், எடை 120 கிராம். சோனி கிராப் கேமராவுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 ஓ.எஸ்.எஸ்., கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி லென்ஸிலேயே உண்டு.

வீடு, வெளி இரண்டுக்கும் ஒரே லென்ஸ், வெளிச்சமும் வேண்டும், முகமும் கெடக்கூடாது என்பவருக்கு 35-ஐத்தான் சொல்வேன். 50 யாருக்கு? வீட்டில் ஏற்கெனவே எல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி ஒருவரை மட்டும் தனியாக, மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ, பின்னணி கரைந்துபோக எடுக்க வேண்டும் என்பவருக்கு அதற்கு ஈடில்லை. மேடைக் கச்சேரியை முதல் வரிசையிலிருந்து எடுப்பவருக்கும் பொருந்தும். 85-ஐ கிராப் கேமராவில் முதல் லென்ஸாக வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எஃப் 1.8 என்பதால் எப்போதும் 1.8-இலேயே எடுக்க வேண்டும் என்றில்லை. புதியவர்கள் லென்ஸைக் குறைசொல்லும் பல படங்கள் இதனால்தான் கெடுகின்றன. கிராப் கேமராவில் 50-ஐ எஃப் 1.8-இல் வைத்து ஐந்து அடியில் எடுத்தால், தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் ஆறு, ஏழு செ.மீ.தான். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மசங்கியும் வரும். 35-இல் அதே தூரத்தில் இந்த ஆழம் இரட்டிப்பு, சுமார் 13 செ.மீ. இருவர் அருகருகே என்றால் எஃப் 2.8 வையுங்கள். முன்வரிசை பின்வரிசை என்று நின்றால் 10 அடி தள்ளி, 35-இல் எஃப் 4, முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ். ஷட்டர் வேகம் ஆட்கள் அசையும்போது 1/125-க்குக் கீழே போகக்கூடாது. மலிவான எல்.இ.டி. பல்புக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் மட்டும் 1/100-க்கு இறங்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன.

இவ்வளவு கணக்கையும் நம்பாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. 18-55 கிட் லென்ஸின் வளையத்தில் 24, 35 குறிகள் இருக்கும். வளையத்தை 24-இல் நிறுத்தி, காகித மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு ஒரு வாரம் படம் எடுங்கள். அடுத்த வாரம் 35. மூன்றாவது வாரம் 55 குறிக்குக் கொஞ்சம் முன்னால். இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயிலில் பசை இறங்கி வளையத்தில் பிசுபிசுக்கும். எந்த வாரம் அதிகம் எரிச்சல் வந்தது என்பதைக் கவனித்தாலே போதும். பழைய படங்களின் விவரப் பக்கத்தில் குவியத்தூரத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. 18-உம் 55-உம் எப்போதுமே அதிகமாக வரும். அது விருப்பத்தைக் காட்டுவதில்லை, வளையம் அங்கே முட்டி நிற்கிறது. நடுவில் உள்ள எண்கள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள்.

நிக்கான் வாங்குபவர்கள் ஏ.எஃப்., ஏ.எஃப்-எஸ். என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 50 மி.மீ. எஃப் 1.8டி பழைய ஏ.எஃப். ரகம், லென்ஸில் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 உடலிலும் கிடையாது. மாட்டலாம், ஆனால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விலை குறைவு என்று இதை வாங்கி ஏமாறுகிறவர்கள் இன்றும் உண்டு. ஏ.எஃப்-எஸ்., 1.8ஜி என்று இருப்பதையே கேளுங்கள், அதில் மோட்டார் உண்டு.

பழைய லென்ஸ் வாங்குவதானால், பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் இது சகஜம். தூசி இரண்டு துணுக்கு இருந்தால் படத்தில் தெரியாது. வெளிச்சத் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக்கூடாது. அடுத்து ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாகப் பார்க்கும்படி நின்று, எஃப் 1.8-இல் நடுவில் உள்ள ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அந்த வரிக்கு மேலோ கீழோ உள்ள வரி அதைவிடத் தெளிவாக வந்தால், லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்தபடி, அதே வரியை மறுபடி எடுங்கள். இதில் சரியாக வந்து, வியூஃபைண்டரில் மட்டும் தவறினால், லென்ஸும் உடலும் பொருந்தவில்லை. உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை. 1500டி, 200டி, டி3500, டி5600 ஆகியவற்றின் மெனுவில் இதைத் திருத்தும் வசதி கிடையாது. அங்கேயே அதே லென்ஸில் வேறொன்றைக் கேட்டு மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி