நீ கேட்ட செடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் நீ "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். அகத்தியமலை போய் வந்தாயிற்று. முழங்கால் வலிதான் இன்னும் இறங்கவில்லை, மற்றபடி சுகம்.

நீ கேட்ட காட்டு ஆர்க்கிட் செடியை மட்டும் கொண்டு வரவில்லை. உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் மொட்டை மாடி ஏறினால் மேற்கே தெரிகிற மலைகள்தான். ஆனால் நம் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசம் வழியாக இப்போது ஏற விடுவதில்லை. செங்கோட்டை தாண்டி, திருவனந்தபுரம் போய், விதுரா வழியாகப் போணக்காடு சேர்ந்து, மலைக்குப் பின்பக்கமாக ஏற வேண்டும். வழக்கமாக ஜனவரி தொடங்கிச் சில வாரங்கள்தான் கேரள வனத்துறை அனுமதிக்கிறது. உடல்தகுதிச் சான்றிதழும் வேண்டும். அதற்காகப் போனபோது டாக்டர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்பாவின் பிரஷரை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் தாவரவியல் வகுப்புப் பையன்கள் இந்த மலைக்குப் போய் வந்து கதை கதையாகச் சொல்வார்கள். பெண்களை அப்போது உச்சிக்கு விடமாட்டார்கள். 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2019 ஜனவரியில்தான் அந்தக் கதவு திறந்தது. மலையடிவாரத்துக் காணிப் பழங்குடி மக்களில் பலருக்கு அதில் வருத்தம் உண்டு, அது அவர்கள் தெய்வம் குடியிருக்கும் இடம். அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் போனேன்.

போணக்காட்டில் பழைய தேயிலை எஸ்டேட்டைத் தாண்டியதும் காடு மூடிக்கொள்கிறது. ஓடை, அப்புறம் ஏற்றம், மறுபடி ஓடை. நடுவில் மரமே இல்லாத புல்வெளி, அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதற்குப் பிறகு முட்டிடிச்சான் தேரி என்று ஒரு ஏற்றம். நிஜமாகவே முட்டி தாடையில் இடிக்கிறது. சாயங்காலம் அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். அப்பா அதைக் குடித்துவிட்டு, "நீ போய்ட்டு வா, நான் இங்கேயே அகத்தியரைக் கும்பிட்டுக்கிறேன்" என்று படுத்துவிட்டார். மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறி, 1868 மீட்டர் உச்சியில் நின்றது நான் மட்டும்தான். இதை அவர் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

சரி, ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றதும் உன் ஜன்னலோரத்தில் இருக்கிற பூவைப் போல உள்ளங்கை அகலத்தில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காட்டில் பாதிக்கு மேல் நகத்தளவு. மரக்கிளையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. முதலில் கண்ணில் பட்டது டென்ட்ரோபியம் ஓவேட்டம். மழைக்காலத்து இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, காய்ந்த குச்சி போன்ற தண்டில் வெளிர்மஞ்சளாக வரிசையாகப் பூத்திருந்தது. மழையில் தண்டுக்குள் சேர்த்துவைத்ததைக் கோடையில் பூவாகச் செலவழிக்கிற செடி. கூட வந்தவர்களில் ஒரு பையன், "புல்லுருவி, மரத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும்" என்றான். ஓய்வு பெற்றும் டீச்சர் புத்தி போகுமா? நடுவழியில் நிறுத்தி வகுப்பெடுத்துவிட்டேன். மரம் இதற்கு உட்கார இடம் மட்டும்தான் கொடுக்கிறது. வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஓர் உறை இருக்கும், அது மழையையும் பனியையும் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டை இலை தயாரித்துக்கொள்ளும்.

இறங்கும்போது கோட்டோனியா என்ற ஆர்க்கிட்டைப் பார்த்தேன். நீளமான மெல்லிய காம்பின் நுனியில் தேனீ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து ஒதுங்கினேன், பார்த்தால் அது பூவின் உதடு போன்ற கீழிதழ்! ஹெர்பேரியம் என்கிற உலர்செடித் தொகுப்பில் தாளில் காய்ந்து ஒட்டியதை வைத்து எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். உயிரோடு காற்றில் ஆடும்போது இப்படி ஏமாற்றும் என்று அந்தத் தாளில் தெரியாது.

நான் உண்மையில் தேடிப் போனது வேறொன்று, உனக்குத் தெரியும். பாஃபியோபெடிலம் ட்ரூரி. மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு, முன்னால் செருப்பு போல ஒரு பை. பூச்சி அந்தப் பைக்குள் விழுந்தால் பின்பக்க வழியாகத்தான் வெளியேற முடியும். அந்த நெருக்கத்தில் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தேன் ஒரு சொட்டுகூடக் கிடையாது, சுத்த மோசடி. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் செருப்பு ஆர்க்கிட் இது ஒன்றுதான், அதுவும் இந்த அகத்தியமலைப் பகுதியில் மட்டும். 1865இல் கர்னல் ட்ரூரி கண்டார். பிறகு வெகு காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1970களில் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் விற்பதற்காகச் சேகரிப்பவர்கள் சரிவுகளையே வழித்தெடுத்துவிட்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்காவினர் ஆய்வகத்தில் வளர்த்து மலையில் திரும்ப நட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

வழிகாட்டியாக வந்த காணிக்காரரிடம், "அந்தச் செருப்புப் பூ எங்கேயாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். காதில் விழாத மாதிரி முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டேன். "பார்த்து வாங்கம்மா, கல்லு வழுக்கும்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பார்க்காமலே இறங்கினேன்.

அதனால்தான் பாப்பா, "சின்னதா ஒரு கிளைச்செடி மட்டும்" என்று நீ கேட்டதைச் செய்யவில்லை. சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். ஆர்க்கிட்டின் விதை தூசி மாதிரி, உள்ளே முளைக்கத் தேவையான உணவே இருக்காது. அந்தந்த இடத்துப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு காயிலிருந்து லட்சக்கணக்கில் பறந்தாலும் பிழைப்பது ஒன்றோ இரண்டோ. அப்படிப் பிழைத்துப் பூக்கிற அளவுக்கு வந்த ஒன்றை நான் பிடுங்கி, பெட்டியில் சேலைக்கு நடுவே ஒளித்து, நெதர்லாந்தில் இருக்கிற ஐந்தோவனுக்கு அனுப்புவதா? உனக்குத்தான் அங்கே கண்ணாடிக் குடிலில் வளர்த்த பெலனாப்சிஸ் ஆர்க்கிட் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறதே. அதை வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, காட்டிலிருந்து வந்தது அல்ல அது.

உன் ஜன்னலோரத்துச் செடியின் போட்டோவைப் பார்த்தேன். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேரை அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டிவிடாதே, அது காற்றில் இருக்க வேண்டிய வேர். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். நீ ஊற்றுகிற தண்ணீர் அதிகம் என்று நினைக்கிறேன். அடியில் தேங்குவதை உடனே கொட்டிவிடு.

வருகிற ஜனவரியில் லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. அப்பா இந்தத் தடவை உச்சி வரை வருவேன் என்கிறார். பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா